நிறுத்திவைத்த வண்டிகளின் பாட்டரியைப் பாதுகாத்தல்

(திருவள்ளூர் ஜில்லா கிராமக் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினருக்கான சொற்பொழிவு)



திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை ஆகிய பகுதிகளில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களை அனுசரித்தே உழவுத் தொழில் நடைபெறுகின்றது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் அந்தப் போகங்களின் உழவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் இரவு பகலாக ஓடுகின்றன; இடைப்பட்ட வாரங்களில், சில சமயம் மாதக்கணக்கில், கொட்டகையில் அசையாது நிற்கின்றன. ஓடும் காலத்தில் இயந்திரத்திற்கு நேரிடும் தேய்மானத்தை எல்லாரும் கவனிக்கின்றனர். நிற்கும் காலத்தில் நேரிடும் நஷ்டத்தைக் கவனிப்பவர் வெகு சிலரே. அந்த நஷ்டத்தில் முதன்மையானது பாட்டரி கெடுவதாகும்.

இதனால் விளையும் சங்கடம் எத்தகையது என்பதை விவசாயி அறிவார். தை மாதத்தில் சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கின்றது. அறுவடை இயந்திரத்தை அன்று காலையில் வயலுக்கு அனுப்புவதாகச் சங்கம் வாக்குக் கொடுத்திருக்கின்றது. சாவியைத் திருப்பினால் இயந்திரம் ஒரு முனகலோடு அடங்கிவிடுகின்றது. புதிய பாட்டரி வாங்கப் பட்டணத்திற்கு ஆள் போய் வருவதற்குள் அரை நாளோ ஒரு நாளோ கழிகின்றது. வாடகை முறைப்படி அடுத்துக் காத்திருப்பவருடைய நாளும் தள்ளிப் போகின்றது. அதற்குள் மழை பெய்து கதிர் சாய்ந்தால் ஏற்படும் நஷ்டம் பாட்டரியின் விலையைப் போலப் பன்மடங்காகும். இயந்திரத்தை வாடகைக்கு விடும் சங்கத்திற்கோ பணத்தோடு நற்பெயரும் போகின்றது.

இந்த ஜில்லாவிலுள்ள திரூரில் 1904-ஆம் வருஷத்தில் பதிவான சங்கம் தேசத்தின் கூட்டுறவு இயக்கத்திற்கே முன்னோடி என்று போற்றப்படுகின்றது. அக்காலத்தில் சங்கத்தின் வேலை பெரும்பாலும் கடன் கொடுத்து வாங்குவதோடு நின்றது. இக்காலத்தில் பல சங்கங்கள் உழவு இயந்திரங்களையும் சரக்கு வண்டிகளையும் சொந்தமாக வைத்து அங்கத்தினருக்கு வாடகைக்கு விடுகின்றன. கடன் பத்திரத்தைக் காக்கும் அக்கறை இயந்திரத்தைக் காப்பதிலும் இருத்தல் அவசியம். பத்திரம் பெட்டியிலே கிடந்தாலும் கெடுவதில்லை. பாட்டரியோ கிடப்பதனாலேயே கெடுகின்றது.

அது எவ்வாறு என்பதை அறிய, பாட்டரியின் உள்ளமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். வண்டிகளில் உள்ள ஈயப் பாட்டரியைப் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளான்டே என்பவர் 1859-ஆம் வருஷத்தில் கண்டுபிடித்தார். அதன் பின்னர் எத்தனையோ சீர்திருத்தங்கள் நேர்ந்தும் அடிப்படை மாறவில்லை. 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் ஈய ஆக்சைடு பூசிய தகடுகளும் மாறி மாறி நின்று, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்ந்திருக்கின்றன. மின்சாரம் வெளியே செல்லும்போது இரு வகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் என்னும் வெண்மையான உப்புப் படிகின்றது. திராவகம் வீரியம் குறைந்து நீர்த்துப் போகின்றது. மின்சாரத்தைத் திரும்பச் செலுத்தினால் அந்த உப்புக் கரைந்து, தகடும் திராவகமும் பழைய நிலையை அடைகின்றன. களஞ்சியத்தில் நெல்லை இட்டு எடுப்பது போன்றதே இது. ஆனால் இந்தக் களஞ்சியத்திற்குக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையொன்று உண்டு.

ஓட்டை இரண்டு விதமானது. முதலாவது, பாட்டரிக்குள்ளேயே நிகழும் கசிவு. கம்பிகள் யாவற்றையும் கழற்றித் தனியே வைத்தாலும் தகடும் திராவகமும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று தாக்கிச் சக்தி குறைகின்றது. கால்சியம் கலந்த ஈயத்தால் ஆன புதுவகைப் பாட்டரியில் இக்குறைவு மாதத்திற்கு நூற்றுக்குச் சில பங்குதான். அண்டிமனி கலந்த பழைய வகையில், அதுவும் வயதான பாட்டரியில், பல மடங்கு அதிகம். உஷ்ணம் 10 டிகிரி ஏறுந்தோறும் இந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கின்றது. திருத்தணியில் சித்திரை வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதை எல்லோரும் அறிவர். தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேலாக 45 டிகிரி வரை போகும். 25 டிகிரியில் நான்கு மாதத்தில் இழக்கும் சக்தியை அங்கே ஒரே மாதத்தில் பாட்டரி இழந்துவிடும் என்று கணக்கிடலாம். குளிர்ந்த தேசங்களில் எழுதப்பட்ட கைப்புத்தகங்களில் ஆறு மாதம் வரை வைக்கலாம் என்று காணப்பட்டால், அதை இவ்விடத்து வெயிலுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது.

இரண்டாவது, வண்டியே உறிஞ்சும் மின்சாரம். பழைய டிராக்டர்களில் சாவியைத் திருப்பி நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். இப்பொழுதுள்ள வண்டிகளிலோ கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, வண்டி இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் ஜி.பி.எஸ். கருவி முதலியவை வண்டி நின்றபோதும் விழித்தேயிருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கையே எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு அற்பமே. ஆயினும் நாள் ஒன்றுக்கு 24 மணி நேரமும் எடுத்தால் 1.2 ஆம்பியர்-மணி ஆகின்றது. 30 நாளில் 36 ஆம்பியர்-மணி ஆகின்றது. 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏறத்தாழப் பாதி அது! வண்டி ஒரு மாதம் நின்றதும் பாட்டரி ‘செத்துவிட்டது’ என்று சொல்லி, விற்றவனைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

2020-ஆம் வருஷம் மார்ச் மாதம் 25-ஆம் தேதி முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது இதன் உண்மை பலருக்கும் புலப்பட்டது. வாரக்கணக்கில் வாசலில் நின்ற கார்களும் இருசக்கர வண்டிகளும் தடை தளர்ந்த நாளில் கிளம்ப மறுத்தன. வண்டிக்கு ஒரு குறையுமில்லை, நின்றதே குறை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திற்குச் சரக்கு ஏற்றி இறக்கக் கல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசையாக வரும் லாரிகளில், வேலை குறைந்த காலத்தில் ஓரங்கட்டி நிறுத்தப்படுபவற்றுக்கும் இதே கதிதான். மோட்டார் வண்டிகளைச் செய்து விற்பவர்கள் இதில் அனுபவம் மிக்கவர்கள். எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறும் கார்களைப் போல, விற்பனைக்கு முன் நெடுநாள் வெளியில் நிற்கும் புது வண்டிகளுக்குக் குறித்த கெடுவில் பாட்டரியைச் சோதித்து மின்னேற்றுவது அத்தொழிலில் வழக்கமான வேலையாகும். புது வண்டிக்கே அது வேண்டுமாயின், மூன்று போகம் உழைத்த டிராக்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சக்தி குறைவது மட்டுமாயின் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இங்கேதான் உண்மையான தீமை இருக்கின்றது. புதிதாகப் படிந்த ஈய சல்பேட் மிருதுவானது. மின்சாரம் பட்டதும் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டாலோ அது கற்கண்டைப் போலப் பெரிய படிகங்களாக இறுகுகின்றது. இறுகிய உப்பு எளிதிற் கரையாது. தகட்டின் அவ்வளவு பரப்பும் பயனற்றுப் போகின்றது. குறைந்த சக்தியோடு ஒரு பருவம் முழுதும் கிடந்த பாட்டரிக்கு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை திரும்புவதில்லை. பாட்டரிக் கடைக்காரர் இதனை ‘சல்பேட் ஆகிவிட்டது’ என்பர். இதற்கு மருந்தென்று விற்கப்படும் பொடிகளையும் திரவங்களையும் வாங்கிப் பணத்தை இழப்பதைவிட, நோய் வராமற் காப்பதே உத்தமம்.

காக்கும் வழி, வெளியே கசிகின்ற அளவுக்குச் சமமாக உள்ளே சிறிது சிறிதாக மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருப்பதாம். இதற்கென்று உள்ள சிறு கருவியை ‘டிரிக்கிள் சார்ஜர்’ என்பர். சொட்டுச் சொட்டாக மின்சாரம் ஊட்டும் கருவி என்பது பொருள். வீட்டு மின்சாரத்தில் செருகி, இரண்டு கவ்விகளைப் பாட்டரியின் முனைகளிற் பொருத்தினால் போதுமானது. ஆனால் இப்பெயரால் கடைகளில் இரண்டு வகைக் கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றின் வேற்றுமையை அறியாமல் வாங்குவது ஆபத்து.

ஒரு வகை, பாட்டரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஒரே அளவாக மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டேயிருப்பது. 1 ஆம்பியர் தரும் அத்தகைய கருவியை நிரம்பிய 12 வோல்ட் பாட்டரியில் மாட்டி மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஏற்ற இடமில்லாத மின்சாரம் திராவகத்திலுள்ள நீரைப் பிளக்கத் தொடங்கும். ஒரு மாதத்தில் ஆறு அறைகளிலுமாக ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் வாயுவாகிப் போய்விடும் என்பது கணக்கு. தகடுகள் நீர்மட்டத்திற்கு மேல் காய்ந்து கெடும். நேர்முனைத் தகட்டின் சட்டமும் அரித்துப் போகும். வெறுமையாக விட்டுக் கெடுப்பதும் ஓயாமல் ஊட்டிக் கெடுப்பதும் பாட்டரிக்கு ஒன்றே.

மற்றொரு வகை, பாட்டரியின் வோல்ட் அளவைத் தானே கவனித்து, நிரம்பியதும் மின்சாரத்தை ஒடுக்கிக்கொள்வது. இதனை ‘புளோட் சார்ஜர்’ என்றும் ‘மெயின்டெய்னர்’ என்றும் சொல்வர். 25 டிகிரி உஷ்ணத்தில் இது 12 வோல்ட் பாட்டரியை 13.5 முதல் 13.8 வோல்ட் வரையில் நிறுத்தி வைக்கும். உஷ்ணம் ஏற ஏற இந்த அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். டிகிரி ஒன்றுக்குச் சுமார் 0.02 வோல்ட் என்று கொண்டால், 40 டிகிரியில் 0.3 வோல்ட் குறைத்து 13.2 முதல் 13.5 வரையில் வைத்தல் தகும். உஷ்ணத்தை அறிந்து தானே குறைத்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. சில நூறு ரூபாய் கூடுதலாயினும், இந்த ஜில்லாவின் கோடைக்கு அதுவே ஏற்றது. சங்கம் வாங்கும்போது இரண்டாவது வகையையே கேட்டு வாங்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

சிறு கருவியிடம் பெரிய வேலையை எதிர்பார்க்கலாகாது என்பதும் கவனிக்கத் தக்கது. பாதி வெறுமையான 100 ஆம்பியர்-மணி பாட்டரியை 1 ஆம்பியர் கருவியால் நிரப்ப, வீணாகும் பங்கையும் சேர்த்து, 60 மணி நேரம், அதாவது இரண்டரை நாள் ஆகும். ஆகையால் வண்டியை நிறுத்தும் முன்பே, வேலை முடிந்த அன்றோ மறுநாளோ, பாட்டரியைப் பெரிய கருவியாலோ பட்டறையிலோ முழுவதும் நிரப்பிவிட்டுப் பின்னரே சிறு கருவியிடம் ஒப்படைக்க வேண்டும். அறுவடையின் கடைசி நாளில் அடிக்கடி நிறுத்திக் கிளப்பிய இயந்திரத்தின் பாட்டரி நிரம்பியிருப்பதாக நினைப்பது பெரும்பாலும் தவறாகவே முடிகின்றது.

பாட்டரியின் நிலையை அறிய இரண்டு வழிகள் உள்ளன. மின்னேற்றிய பின் சில மணி நேரம் சும்மா விட்டு, வோல்ட் மீட்டரால் அளந்தால் 12.6 அல்லது 12.7 காட்டுவது நிரம்பியது, 12.4 என்பது முக்கால், 12.2 என்பது அரை. 12.4-க்குக் கீழே இறங்கியதும் மின்னேற்றுவது நல்லது. மூடி திறக்கும் பாட்டரியானால் ஹைடிராமீட்டரைக் கொண்டு ஒவ்வோர் அறையின் திராவகத்தையும் சோதிக்கலாம். நிரம்பிய நிலையில் இருக்க வேண்டிய எண்ணைப் பாட்டரி செய்தவர் குறிப்பிட்டிருப்பர். ஆறு அறைகளில் ஐந்து ஒன்றாயிருந்து ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்த அறை கெட்டதென்று அறியலாம். அதற்குப் பின் அந்தப் பாட்டரியை நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுப்பது புத்தியன்று.

இனி, சங்கத்திற்குரிய விசேஷ அனுகூலம் ஒன்று. தனி ஒருவர் தம்முடைய ஒரே டிராக்டருக்காகக் கருவி வாங்குவது சிலருக்குப் பாரமாகத் தோன்றலாம். உண்மையில் நிரம்பிய பாட்டரியைக் கருவி எப்பொழுதும் கவ்விக்கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. வண்டியிலிருந்து கழற்றிய பாட்டரி ஒன்றுக்கு மாதத்தில் ஒரு வாரம் ஊட்டினால், கடுங்கோடையிலும் அது தாக்குப்பிடிக்கும். ஆதலின் நான்கு பாட்டரிகளுக்கு ஒரு கருவி போதும். வாரத்திற்கு ஒன்றாகச் சுற்றி வரலாம். சங்கத்தின் கிடங்கில் ஒரு பலகைத் தட்டும், இரண்டு நல்ல கருவிகளும், ஒரு வோல்ட் மீட்டரும் இருந்தால் எட்டு அங்கத்தினரின் பாட்டரிகளைப் பருவ இடைவெளி முழுதும் காத்துவிடலாம். மின்சாரச் செலவோ மிகச் சொற்பம். நிரம்பிய பாட்டரியைக் காக்கும்போது கருவி 5 வாட் எடுப்பதாகக் கொண்டால் மாதம் முழுதும் ஓடினாலும் 4 யூனிட் ஆகாது. ஒரு பதிவேட்டில் பாட்டரிக்குரியவர் பெயர், மாட்டிய தேதி, எடுத்த தேதி, வோல்ட் அளவு, ஊற்றிய நீர் ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். இதைச் செய்ய ஒருவரைப் பொறுப்பாக நியமிக்காவிட்டால் ஏற்பாடு முழுவதும் இரண்டு மாதத்தில் நின்றுபோகும். எல்லோருடைய வேலையும் ஒருவருடைய வேலையும் ஆகாது என்பது சங்கங்கள் அனுபவித்தறிந்த விஷயம்.

மின்சார வசதியில்லாத களத்துக் கொட்டகையில் நிற்கும் இயந்திரத்திற்கு 10 வாட் அளவுள்ள சிறு சூரியத் தகடும், மிதமிஞ்சி ஏறாமல் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் போதுமானவை. கட்டுப்பாட்டுக் கருவி இன்றித் தகட்டை நேரே மாட்டுவது முன்சொன்ன முதல் வகைக் கருவியின் குற்றத்திற்கே இடமாகும்.

கையாளும் முறையில் சில எச்சரிக்கைகள் அவசியம். கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும். வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு சேர்ந்திருப்பதால், முதலில் நேர்முனையைக் கழற்றுபவரது ஸ்பானர் உடலில் பட்டால் பெரும் பொறி பறக்கும். மின்னேற்றும்போது முதலில் கவ்விகளைப் பொருத்தி, அதன் பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை நிறுத்திய பின்னரே கவ்விகளை எடுக்க வேண்டும். காரணம், பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. நிரம்பிய பின்னும் 1 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேல் இவ்வாயு எழும். ஜன்னல் சாத்திய அறையிலும், சமையற்கட்டிலும், மக்கள் படுக்கும் இடத்திலும் மின்னேற்றலாகாது. பீடி சுருட்டைப் பற்றி வற்புறுத்த வேண்டியதில்லை. ஆயினும் வற்புறுத்த வேண்டியே இருக்கின்றது.

திராவகத்தின் மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கடலோரத்துப் பொன்னேரிப் பக்கத்தில் உப்புச் சுவையுள்ள கிணற்று நீரை ஊற்றுவது பாட்டரிக்கு நஞ்சூட்டுவதாகும். வடிகட்டிய குடிநீரும் உதவாது. மின்னேற்றிய பின்பே நீர் ஊற்றுதல் முறை. ஏனெனில் மின்னேறும்போது மட்டம் உயரும். தகடுகள் வெளியே தெரிந்தால் மாத்திரம், அவை மறையும் அளவுக்கு முன்னதாக ஊற்றலாம். நீர் போன இடத்தில் திராவகத்தை ஊற்றலாகாது. ஆவியாவது நீரேயன்றித் திராவகம் அன்று. மூடி திறவாத பாட்டரிகளுக்கு இந்த வேலையில்லை. அவற்றை உடைத்துத் திறக்கவும் முயலக் கூடாது. திராவகம் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிஷம் சுத்த நீரால் கழுவிக்கொண்டேயிருந்து, பின் வைத்தியரிடம் செல்ல வேண்டும். முனைகளிற் பூக்கும் பூஞ்சை போன்ற உப்பை, சமையல் சோடா கலந்த நீர் பாட்டரிக்குள் இறங்காதபடி துடைத்துக் காயவைத்து, வாசிலின் தடவலாம்.

பாட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சக்தி தரைக்குள் இறங்கிவிடும் என்பது நெடுங்காலமாக வழங்கும் நம்பிக்கை. மரப்பெட்டியிலும் பழைய ரப்பர்ப் பெட்டியிலும் பாட்டரி வந்த காலத்தில் அதற்குச் சிறிது ஆதாரம் இருந்தது. இக்காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. எனினும் தட்டின் மேல் வைப்பதே நலம், வேறொரு காரணம் பற்றி. 2015-ஆம் வருஷத்து மழையிலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் இந்த ஜில்லாவில் நீர் புகுந்த இடங்கள் அநேகம். ஐப்பசி பிறக்கும் முன்பே பாட்டரிகளும் கருவிகளும் இடுப்பளவு உயரத்திற்கு ஏறியிருக்க வேண்டும்.

இத்தனை செய்தும் ஒரு நாள் பாட்டரி முடிந்துதான் தீரும். அப்பொழுது அதைத் தெருவில் வரும் பழைய சாமான் வியாபாரியிடம் போட்டுவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் அதன் சேர்க்கைகளுமே. ஈயம் 327 டிகிரியில் உருகும். அதனால் கொல்லைப்புறத்து அடுப்பிலேயே அதை உருக்க முடிகின்றது. திராவகம் சாக்கடையில் போகின்றது, புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடலிற் சேர்கின்றன. யூனிசெப் ஸ்தாபனமும் பியூர் எர்த் என்னும் ஸ்தாபனமும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, அதாவது 80 கோடி பேர் வரையில், இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாகக் கூறிற்று; பழைய பாட்டரிகளை முறைகெட்டு உருக்குவதை முக்கிய காரணங்களுள் ஒன்றாகவும் அது குறித்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. கெட்டதை மீட்க வழியில்லை. ஈயத்தைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைகள் கும்மிடிப்பூண்டிப் பகுதியிலும் உண்டாகையால், இவ்விஷயம் இவ்வூர் மக்களுக்குத் தூரத்துச் செய்தி அன்று. ஒரு பாட்டரியின் ஆயுள் இரண்டு வருஷம் நீண்டால், அந்த இரண்டு வருஷத்திற்கு ஒரு பாட்டரி குறைவாகவே உலைக்குப் போகின்றது.

இந்திய அரசாங்கம் 2001-இல் இயற்றிய பாட்டரி விதிகளுக்குப் பதிலாக 2022 ஆகஸ்டு மாதத்தில் புதிய விதிகள் அமலுக்கு வந்தன. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறைப்படி மறுபடி உபயோகத்திற்குக் கொணரும் பொறுப்பை அவை பாட்டரி செய்பவர்மேல் சுமத்துகின்றன. உபயோகிப்பவரும் அதனைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே பிரித்து, அதற்கென்று சேகரிப்பவரிடம் கொடுக்கக் கடமைப்பட்டவர். புதிய பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்தால் விலையிலும் ஒரு தொகை கழித்துக் கொடுப்பர். சங்கம் பல அங்கத்தினரின் பழைய பாட்டரிகளைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒப்படைத்தால் பேரம் பேசவும் இடமுண்டு. அதுவரை அவற்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தியே வைத்து, குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் பூட்டி, ஒப்படைக்கும் நாளில் கடைக்காரரிடம் எண்ணிக்கையும் தேதியும் எழுதிய ரசீது பெற்றுப் பாட்டரிப் பதிவேட்டிலேயே ஒட்டி வைக்கலாம்.